வெளுத்ததா, ஓடியதா: உஸ்பெக் வினையொட்டுகளும் நமது தெளிவு பக்தியும்

ஒட்டுநிலை மொழிகளைப் பற்றி நம் சூழலில் ஒரு பக்திக் கதை நெடுங்காலமாக உலவி வருகிறது. அம்மொழிகளில் ஓர் ஒட்டுக்கு ஒரு பொருள்தான். வேரின்மேல் ஒட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொன்றும் தன்னிடத்தில் தனித்துத் தெரியும். பிரித்தால் சிதையாது, சேர்த்தால் குழம்பாது. இதைச் சொல்பவர்கள் அடுத்த மூச்சில் 'கணிதம் போன்ற மொழி' என்பார்கள். அதற்கடுத்த மூச்சில் 'அறிவியல் மொழி' என்பார்கள். மூன்றாவது மூச்சில் என்ன வரும் என்பது வாசகர்களுக்கே தெரியும்.

இக்கதைக்குப் பெரிய இடத்து ஆசீர்வாதம் உண்டு. மாக்ஸ் முல்லர் 1861இல் லண்டனில் ஆற்றிய மொழியறிவியல் சொற்பொழிவுகளில் துருக்கி மொழியின் இலக்கணத்தைக் கண்டு வியந்து, அறிஞர் சபையொன்று கூடி ஆலோசித்துச் செய்ததுபோல இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1856இல், கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைத் துருக்கிய மொழிகளும் அடங்கிய 'சித்திய'க் கூட்டத்தோடு உறவு சேர்த்திருந்தார். அந்த உறவை இன்று மொழியியலாளர் ஏற்பதில்லை. ஆனால் உறவு முறிந்த பிறகும் சீர்வரிசை மட்டும் நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. துருக்கிய மொழிகளுக்குக் கொடுக்கப்பட்ட 'கண்ணாடித் தெளிவு' என்ற பட்டத்தை நாமும் பங்கு போட்டுக்கொண்டோம்.

பட்டம் பொய் என்பதே இங்கு நான் வாதிட வருவது. துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்த, மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் பேசும், நவாயியும் பாபரும் எழுதிய சகதாய் மொழியின் நேர் வாரிசான உஸ்பெக்கை அதற்குச் சாட்சியாக அழைக்கிறேன். அதன் வினையாக்க ஒட்டுகளை, அதாவது பெயரிலிருந்தும் பண்புச்சொல்லிலிருந்தும் வினையைப் பிறப்பிக்கும் ஒட்டுகளை, எடுத்துக்கொண்டால் போதும். ஒரே உருவில் வெவ்வேறு ஒட்டுகள் உலவுவதை அங்கே எங்கும் காணலாம். பள்ளிப் பாடத்திலேயே அதற்கு ஒரு பெயர் உண்டு: 'ஷக்ல்தாஷ்'. 'ஷக்ல்' என்றால் உருவம். 'தாஷ்' என்பது ஒன்றைப் பகிர்ந்துகொள்பவரைக் குறிக்கும் ஒட்டு. வகுப்புத் தோழனுக்கும் ஒரே நாட்டவனுக்கும் வருவது அதுதான். ஆக, உருவத் தோழர்கள். நான் 'ஒப்புரு' என்று எழுதுகிறேன். அவர்கள் வைத்த பெயர் இதைவிட அழகு.

மேலே செல்லுமுன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உஸ்பெக்கின் 'ஓ' எழுத்து ஆவுக்கும் ஓவுக்கும் நடுவே வாய் திறந்து ஒலிப்பது. தாஷ்கண்ட், பாபர், நவாயி என்று நாம் 'ஆ' போட்டு எழுதும் இடங்களில் எல்லாம் அங்கே அந்த எழுத்துதான் நிற்கிறது. ஆகவே நானும் ஆ என்றே எழுதுகிறேன். வல்லினம் இரட்டித்து வரும் இடங்கள் தமிழ் எழுத்தின் வசதிக்காக. ஒற்றையாகவே ஒலிக்க வேண்டும். பின்அண்ணத்தில் ஒலிக்கும் ககரத்துக்கும் நமது ககரமே போதும் என்று விட்டுவிட்டேன்.

முதல் சாட்சி 'ஆக்கர்தி'.

'ஆக்' என்றால் வெண்மை. அதோடு '-அர்' சேர்ந்தால் 'ஆக்கர்', வெளுத்துப்போ என்ற வினை. இறந்தகாலத்தில் 'ஆக்கர்தி': வெளுத்தது. 'ஸாச் ஆக்கர்தி' என்றால் தலைமுடி நரைத்தது. இதே '-அர்'தான் 'கோக்' (பசுமை, நீலம்) என்பதிலிருந்து 'கோக்கர்' (பசுமையாகு, துளிர்) என்பதையும், 'கிஸ்க' (குட்டை) என்பதிலிருந்து 'கிஸ்கர்' (சுருங்கு) என்பதையும் பிறப்பிக்கிறது. இதுவரை எல்லாம் முல்லர் சொன்னபடியே நடக்கிறது.

ஆனால் 'ஆக்' என்று ஒரு வினையடியும் உண்டு. ஓடு, பாய் என்று பொருள், நீருக்கு வருவது. அதன்மேல் எதிர்காலத்தையும் வழக்கத்தையும் காட்டும் '-அர்' ஏறினால் 'ஆக்கர்': ஓடும். 'ஆக்கர் ஸுவ்' என்றால் ஓடும் நீர். இதோடு 'எதி' என்ற துணைச்சொல் சேர்ந்து 'ஆக்கர் எதி' என்றானால் 'ஓடிக்கொண்டிருக்கும், முன்பெல்லாம் ஓடும்' என்று பொருள். பேச்சிலும் எழுத்திலும் இது சுருங்கி 'ஆக்கர்தி' ஆகிறது. இப்போது 'ஸுவ் ஆக்கர்தி' என்று ஒருவர் எழுதினால் நீர் வெளுத்ததா, முன்பெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததா? பேசும்போது அழுத்தம் விழும் இடம் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் அந்த உதவி கிடையாது. முன்பின் வரிகளைத்தான் கேட்க வேண்டும்.

கதை இதோடு முடிவதில்லை. 'சிக்' என்றால் வெளியே வா. 'சிக்கர்' என்றால் 'வெளிவரும்'. ஆனால் 'சிக்கர்' என்பதற்கு 'வெளியே எடு, வெளியேற்று' என்ற பொருளும் உண்டு. இங்கே வரும் '-அர்' பிறவினை ஒட்டு. 'சிக்கர்தி' என்றால் வெளியே எடுத்தான். அதுவே 'முன்பெல்லாம் வெளியே வருவான்' என்றும் ஆகும். திரும்பு என்ற 'கய்த்' வினைக்கும் இதே கதி: 'கய்த்தர்தி' என்பது திருப்பிக் கொடுத்தான், அல்லது திரும்பி வருவான். ஆக, ஒரே உருவில் மூன்று '-அர்'கள். ஒன்று பண்பை வினையாக்குகிறது. மற்றொன்று தன்வினையைப் பிறவினையாக்குகிறது. மூன்றாவது காலம் காட்டுகிறது. இலக்கணப் புத்தகத்தில் மூன்றும் மூன்று இயல்களில் குடியிருக்கின்றன: சொல்லாக்கம், வினைப்பாங்கு, எச்சம். ஒரே வாக்கியத்தில் மூன்றும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போது இயல் பிரிவினால் ஒரு பயனும் இல்லை.

துருக்கி நாட்டுத் துருக்கியில் இந்த முதல் மோதல் நிகழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஓடும் என்பது 'அக்கர்'. வெளு என்ற வினையோ ககரம் தேய்ந்து 'ஆஅர்' போல ஒலிக்கிறது. ஒலித்தேய்வு அங்கே இரண்டையும் பிரித்துவைத்துவிட்டது. உஸ்பெக் தன் ககரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, ஆகவே இரண்டும் ஒன்றாகிவிட்டன. பழமையைக் காத்த மொழியில் குழப்பம்; பழமையை இழந்த மொழியில் தெளிவு! தூய்மையும் தெளிவும் இரட்டைப் பிள்ளைகள் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு எடுத்துக்காட்டை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஆஸ்' என்றால் கொஞ்சம்; '-அய்' சேர்ந்து 'ஆஸய்' என்றால் குறைந்துபோ. 'கோப்' (நிறைய) என்பதிலிருந்து 'கோப்பய்' (பெருகு) வருவதும் இதே முறையில்தான். ஆனால் 'ஆஸ்' என்று உடல் மெலிவதைக் குறிக்கும் வினையும் உண்டு. தன்மை ஒருமையில் விருப்பம் தெரிவிக்கும் ஒட்டும் '-அய்'தான். எனவே 'ஆஸய்' என்றால் 'நான் மெலியட்டும்' என்றும் ஆகும். இந்த விருப்ப ஒட்டின் முழு உருவம் '-அயின்'. அதுவும் இன்றும் வழக்கில் உண்டு. ஆனால் சுருக்கம் வசதியாக இருக்கிறபோது, தெளிவுக்காக எந்த மக்கள் கூட்டம் ஓர் அசையைக் கூடுதலாகச் சுமந்திருக்கிறது? 'பாய்' என்றால் செல்வந்தன். 'பாயி' என்றால் செல்வந்தனாகு. 'பாயி' என்றால் 'அதன் செல்வந்தன்' என்றும் பொருள், ஏனெனில் உடைமை காட்டும் ஒட்டும் '-இ'தான்.

சரி, ஒப்புருக்கள் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொண்ட பிறகு மறுபக்கத்து அபத்தம் ஆரம்பமாகிறது. எங்கெல்லாம் பொருள் சற்று மாறுகிறதோ அங்கெல்லாம் ஒரு புது ஒட்டைக் கண்டுபிடிக்கும் வியாதி இது. இதற்கு அதிகம் பலியாவது '-ல'. உஸ்பெக்கின் வினையாக்க ஒட்டுகளில் மிகுந்த உழைப்பாளி இதுதான். 'துஸ்' (உப்பு), 'துஸ்ல' (உப்பிடு). 'அர்ர' (ரம்பம்), 'அர்ரல' (ரம்பத்தால் அறு). 'குல்' (மலர்), 'குல்ல' (பூ, மலர்). 'கிஷ்' (குளிர்காலம்), 'கிஷ்ல' (குளிர்காலத்தைக் கழி). 'திஷ்' (பல்), 'திஷ்ல' (கடி). 'பாஷ்' (தலை), 'பாஷ்ல' (தொடங்கு). பார்த்தீர்களா, உப்பில் வருவது 'மேலே இடு', ரம்பத்தில் வருவது 'கருவியால் செய்', மலரில் வருவது 'தோன்று', குளிர்காலத்தில் வருவது 'பொழுதைக் கழி'. ஆகவே நான்கு வெவ்வேறு '-ல'கள் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எதன் விரல்களால் எண்ணப்படுகிறது? வேறொரு மொழியின் விரல்களால். ருஷ்யத்திலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்க்கும்போது நான்கு வெவ்வேறு வினைகள் தேவைப்படுகின்றன. உடனே உஸ்பெக்கில் நான்கு ஒட்டுகள் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. உண்மையில் '-ல' சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இப்பெயர்ப்பொருளைக் கொண்டு வழக்கமாக எது செய்யப்படுமோ, இதற்கு வழக்கமாக எது நிகழுமோ, அது. உப்பை என்ன செய்வார்கள் என்பதை உப்பு சொல்கிறது. ரம்பம் எதற்கு என்பதை ரம்பம் சொல்கிறது. ஒட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் புதுச் சொல் ஒன்றைக் கொடுக்கலாம். சாலைக்கு அஸ்ஃபால்ட் வந்தது. உடனே 'அஸ்ஃபால்த்ல' என்ற வினையும் வந்தது. இது நான்கில் எந்த '-ல' என்று ஒரு தொழிலாளியும் கேட்டிருக்க மாட்டான். உண்மையிலேயே நான்கு ஒட்டுகள் இருந்திருந்தால் கேட்க நேர்ந்திருக்கும்.

செயப்படுபொருள் குன்றிய வினையும் குன்றாத வினையும் ஒரே ஒட்டிலிருந்து எப்படி வரலாம் என்ற ஆட்சேபம் வலுவானது. 'மலர்' குன்றியது, 'உப்பிடு' குன்றாதது. ஆனால் அந்த வேறுபாட்டையும் பெயரே கொடுத்துவிடுகிறது: உப்பை யாரேனும் இட வேண்டும், மலரை யாரும் மலர்த்த வேண்டியதில்லை. தனி '-ல' என்று நான் ஒப்புக்கொள்வது ஒன்றைத்தான். 'குவ்' என்றால் துரத்து. 'குவ்ல' என்றாலும் துரத்து, ஆனால் விடாமல், திரும்பத் திரும்ப. இங்கே '-ல' ஏறியிருப்பது வினையின்மேல். புது வினையைப் பிறப்பிக்காமல் இருக்கும் வினையை அழுத்துகிறது. ஏறும் இடமும் வேறு, செய்யும் வேலையும் வேறு. உருவத் தோழன் என்ற பெயருக்கு இதற்குத் தகுதி உண்டு.

நம் தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லைப் பேசும்போது, வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என்று இரண்டாகப் பிரித்தார். எத்தனை பொருள் என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. எதைக் கொண்டு கேட்பவன் பிரித்தறிகிறான் என்று பார்த்தார். உஸ்பெக் ஒட்டுகளுக்கும் இந்தக் கேள்விதான் பொருந்தும். எதன்மேல் ஏறுகிறது? அதன்பின் எது வரலாம்? பிரித்தெடுத்தால் மிஞ்சுவது சொல்லா, வெற்றொலியா?

மூன்றாவது கேள்வியின் பலன் '-லன்', '-லஷ்' என்ற இரட்டை ஒட்டுகளில் தெரியும். 'துஸ்லன்' என்றால் உப்பிடப்படு. இதைத் 'துஸ்-ல-ன்' என்று பிரிக்கலாம். 'துஸ்ல' தனியே உண்டு, '-ன்' செயப்பாட்டுக்கு. செயப்பாட்டுக்கு வழக்கமான ஒட்டு '-ல்' என்றாலும், ஏற்கெனவே லகரத்தில் முடியும் '-ல' வினைகளுக்கு அது ஏறுவதில்லை; லகரமும் லகரமும் மோதாமல் '-ன்' வருகிறது. 'ஆத்லன்' என்றால் குதிரையேறு, புறப்படு. இதை 'ஆத்-ல-ன்' என்று பிரித்தால் 'ஆத்ல' என்று நடுவில் மிஞ்சும் துண்டுக்கு வழக்கில் உயிர் இல்லை. 'கஸப்லன்' (கோபப்படு), 'ருஹ்லன்' (ஊக்கம் பெறு) என்பவையும் அப்படியே. ஆகவே இங்கே '-லன்' முழுமையாக ஒரே ஒட்டு. ஒரு காலத்தில் இரண்டாக இருந்து, காலப்போக்கில் இறுகி ஒன்றானது. உருவம் அதேதான். ஒன்றில் தையல் தெரிகிறது, மற்றதில் துணியே ஒன்றாகிவிட்டது.

'-லஷ்' இன்னும் சுவாரஸ்யமானது. 'ஸோஸ்' என்றால் சொல், 'ஸோஸ்ல' பேசு. 'ஸோஸ்லஷ்' என்றால் ஒருவரோடொருவர் பேசு, ஏனெனில் '-ஷ்' பரஸ்பர வினைக்கு. 'ஸோஸ்லஷ்' என்றால் 'பேசுதல்' என்ற தொழிற்பெயரும்தான், ஏனெனில் தொழிற்பெயருக்கும் '-ஷ்'தான். இவ்விரண்டும் போதாதென்று 'ஆகிர்' (கனம்) என்பதிலிருந்து 'ஆகிர்லஷ்' (கனத்துப்போ), 'பிர்' (ஒன்று) என்பதிலிருந்து 'பிர்லஷ்' (ஒன்றுபடு) என்று, பரஸ்பரமும் இன்றித் தொழிற்பெயரும் இன்றி 'இன்னதாக மாறு' என்று மட்டுமே பொருள்படும் இறுகிய '-லஷ்' ஒன்றும் உண்டு. அதன்மேல் பிறவினை '-திர்' ஏறினால் 'பிர்லஷ்திர்', ஒன்றாக்கு.

இந்த '-லஷ்திர்'தான் சோவியத் காலத்தில் ஓயாமல் உழைத்த ஒட்டு. 'கொல்லெக்திவ்லஷ்திரிஷ்' என்றால் கூட்டுப் பண்ணையாக்கல். மின்மயமாக்கல், லத்தீனாக்கல் எல்லாம் இதே அச்சில் வார்க்கப்பட்டவை. அச்சொல்லுக்குள் இருக்கும் '-ஷ்'ஷைப் பார்த்து 'ஒருவரோடொருவர் சேர்ந்து' என்று யாரேனும் பொருள் கொண்டால் இலக்கணப்படி அது தவறு. 1930களின் ஃபெர்கானா விவசாயியைக் கேட்டிருந்தால் வரலாற்றின்படியும் தவறு என்றே சொல்லியிருப்பான். முன்னே சொன்ன 'பாய்'கள், ஊர்ச் செல்வந்தர்கள், நிலம் பறிக்கப்பட்டது இந்த ஒட்டின் காலத்தில்தான்.

இவ்விடத்தில் இன்னொரு சௌகரியமான கதையையும் மறுத்தாக வேண்டும். உஸ்பெக்கின் ஒப்புருக்கள் அனைத்தும் சோவியத் எழுத்துச் சீர்திருத்தத்தின் பாவம், பழைய மொழி படிகமாக இருந்தது என்பது அது. ஓரளவு உண்மை இதில் உண்டு. அரபு எழுத்தை விட்டு 1929இல் நிலைபெற்ற லத்தீன் நெடுங்கணக்கில் ஒன்பது உயிர்கள் இருந்தன. 1934இல் அவை ஆறாகக் குறைக்கப்பட்டன. உயிரிசைவு, அதாவது வேரின் உயிருக்கு ஏற்ப ஒட்டின் உயிர் மாறும் துருக்கியக் குணம், எழுத்திலிருந்து நீங்கியது. 1940இல் சிரில்லிக் எழுத்து வந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் மறுபடி லத்தீனைக் கொண்டுவந்தது. உயிர்கள் ஆறாகவே நின்றன. 'போல்' என்ற உஸ்பெக் வினைக்கு இன்று 'ஆகு' என்றும் 'பிரி' என்றும் இரு பொருள். முன்னதில் பின்னுயிரும் பின்னதில் முன்னுயிருமாக இவை ஒருகாலத்தில் இரு சொற்கள். ஒன்பது உயிர் எழுத்தில் இவற்றை வேறுபடுத்த இடமிருந்தது. ஆனால் தாஷ்கண்ட் நகரத்துப் பேச்சில் இவ்வுயிர்கள் அதற்கு முன்பே கலந்துவிட்டிருந்தன. சீர்திருத்தம் நகரத்தின் வாயைப் பின்பற்றியது. மேலும் இது வேர்களின் கதை. ஒட்டுகளின் கதை வேறு. மூன்று '-அர்'களும் பழந்துருக்கியிலேயே இருந்தவை. அவற்றை எந்தக் கமிசாரும் சந்திக்க வைக்கவில்லை.

கமிசார்கள் செய்தது வேறு. உஸ்பெக் மொழிக்கு உஸ்பெக்கிலேயே சொல்லிலக்கணமும் தொடரிலக்கணமும் 1920களில் எழுதியவர் அப்துரவூஃப் ஃபித்ரத். 1938 அக்டோபர் 4 அன்று தாஷ்கண்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கவிஞர் சோல்பானையும் நாவலாசிரியர் அப்துல்லா காதிரியையும் அதே நாளில். உஸ்பெக்கின் நகரப் பேச்சுவழக்குகளை நுணுகி ஆராய்ந்த ருஷ்ய மொழியியலாளர் யெவ்கேனி பொலிவானவ் அதே ஆண்டு ஜனவரியிலேயே கொல்லப்பட்டிருந்தார். எவரும் ஒட்டுகளுக்காகக் கொல்லப்படவில்லை என்பது உண்மை. ஆனால் எது ஒரே ஒட்டு, எது உருவத் தோழன் என்று தம் காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரு தலைமுறை அத்தோடு போயிற்று. அடுத்து வந்தவர்கள் ருஷ்ய மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு எழுத வேண்டிய காலத்தில் எழுதினார்கள். நல்ல வேலைகள் நடந்தன, மறுக்கவில்லை. 1960இல் வெளிவந்த கொனோனவின் இலக்கணம் இன்றும் எடுத்துப் பார்க்கத் தக்கது. இருந்தாலும் அளவுகோல் வெளியிலிருந்து வந்தது.

உள்ளே ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. அலிஷேர் நவாயி 1499இல் 'முஹாகமத்துல் லுகதைன்', இரு மொழிகளின் வழக்கு விசாரணை, என்ற நூலை எழுதினார். பாரசீகத்தின் முன் துருக்கி தாழ்ந்ததல்ல, உயர்ந்ததே என்று வாதிடும் நூல் அது. பாரசீகத்தில் ஈடில்லாத நூறு துருக்கிய வினைகளை வரிசையாகக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்துகிறார். பரஸ்பர '-ஷ்'ஷையும் பிறவினை '-த்'தையும் எடுத்துக்காட்டி, ஓர் எழுத்தைச் சேர்த்தே இவ்வளவு சாதிக்கிறதே என்கிறார். இவையெல்லாம் எதிர்பார்த்தவைதான். எதிர்பாராதது அவர் ஒரே உருவில் பல பொருள் தரும் சொற்களைச் செல்வமாக எண்ணிப் பட்டியலிடுவது. 'கோக்' என்ற ஒரே சொல் வானத்தையும், இசையின் சுருதியையும், தையலையும், பசும்புல்லையும் குறிக்கிறது என்று பெருமைப்படுகிறார். நமது தெளிவு பக்தர்கள் இதே பட்டியலைப் பார்த்தால் வெட்கப்பட்டு மறைத்திருப்பார்கள்.

அந்தக் 'கோக்'கையே எடுத்துக்கொண்டு இன்றைய உஸ்பெக்கில் ஒட்டுகளை ஏற்றிப் பார்த்தால் நவாயியின் பெருமிதம் விளங்கும். '-அர்' ஏறினால் 'கோக்கர்', பசுமையாகு. '-ல' ஏறினால் 'கோக்ல', சரியாகத் தைப்பதற்கு முன் நீளநீளமாக நூலோட்டிப் பிடித்துவை. வேர் பலபொருளுடையது, ஒட்டு அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. 'ஆத்' என்றால் குதிரை, பெயர் இரண்டும். 'ஆத்லன்' என்றால் குதிரை வெளியே வருகிறது. '-அ' என்ற ஒட்டு ஏறி 'அத்த' என்றால், உயிரும் குறுகி, பெயரிடு என்ற வினை பிறக்கிறது. எண் என்ற 'ஸான்' எண்ணு என்ற 'ஸன' ஆவதும், வயது என்ற 'யாஷ்' வாழ் என்ற 'யஷ' ஆவதும் இவ்வாறே. 'ஒட்டினால் வேர் சிதையாது' என்ற இன்னொரு பக்திவாக்கும் இங்கே போயிற்று, போகட்டும். தொல்காப்பியர் வினைக்குக் கொடுத்த வேலையை இங்கே வினையாக்க ஒட்டு செய்கிறது. ஒட்டே ஐயத்துக்கிடமாகும்போது வேர் தீர்த்துவைக்கிறது. இரண்டும் சேர்ந்து கைவிரிக்கும் 'ஆக்கர்தி' போன்ற இடங்கள் மிகச் சிலவே. அங்கே முடியா நீரா என்று எழுவாய் பதில் சொல்கிறது.

அந்தச் சில இடங்களையும் வீணாக்கவில்லை துருக்கியக் கவிஞர்கள். 'துயுக்' என்று ஒரு செய்யுள் வகை உண்டு. நான்கே அடிகள், இயைபு வரும் அடிகளில் ஒரே சொல் அல்லது ஒரே ஒலித்தொடர் திரும்பத் திரும்ப வர வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு பொருளில். நவாயி இதைத் தம் யாப்பு நூலில் துருக்கியருக்கே உரியதென்று குறிப்பிட்டு, தாமும் எழுதினார். பாபரும் எழுதியிருக்கிறார், ஆம், பானிப்பட்டில் வென்ற அதே பாபர்தான். நம் அணியிலக்கணத்தில் மடக்கு என்பது கிட்டத்தட்ட இதுவே. வேரும் ஒட்டும் எங்கே பிரிகின்றன என்பதை மறைத்து, ஓரடியில் ஒருவிதமாகவும் அடுத்த அடியில் வேறுவிதமாகவும் பிரிக்கவைப்பதில்தான் துயுக்கின் திறமை முழுவதும் இருக்கிறது. ஓர் ஒட்டுக்கு ஒரு பொருள் என்ற மொழியில் இந்த வடிவம் இவ்வளவு செழித்திருக்காது.

மொழிபெயர்ப்பாளர்களிடம்தான் எனக்கு உண்மையான சண்டை. மத்திய ஆசிய எழுத்து நமக்குப் பெரும்பாலும் ருஷ்யத்தின் வழியாகவோ ஆங்கிலத்தின் வழியாகவோதான் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டாம் கையில் வரும்போது ஒப்புரு முதலில் உதிர்ந்துபோகிறது, ஏனெனில் இடைமொழிக்காரர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அவர் தேர்ந்தது எது, விட்டது எது என்று நமக்குத் தெரிவதில்லை. '-ஸிர' என்ற ஒட்டைப் பாருங்கள். 'ஸுவ்ஸிர' என்றால் நீருக்குத் தவி, இல்லாமை, ஏக்கம். 'யாத்ஸிர' என்றால் அந்நியனாகக் கருதி ஒதுங்கு. 'குலிம்ஸிர' என்றால் சிரிப்பின் சாயலை மட்டும் காட்டு, புன்னகை செய். ஏக்கம், விலகல், குறைசாயல்: இவை மூன்று ஒட்டுகளா, ஒரே ஒட்டின் மூன்று முகங்களா? நான் முதலிரண்டையும் ஒன்றாகவும் மூன்றாவதைத் தனியாகவும் கொள்வேன். மூன்றாவது ஏறியிருப்பது சிரி என்ற வினையிலிருந்து வந்த அடியின்மேல். மற்ற இரண்டும் பெயர்மேலும் பண்புச்சொல்மேலும் ஏறியவை. இதை வேறுவிதமாகப் பிரிப்பவரோடு வாதிடத் தயார். ஆனால் 'தவித்தான்', 'ஒதுங்கினான்', 'புன்னகைத்தான்' என்று ஆங்கிலத்திலிருந்து இறக்கிய பக்கத்தை வைத்துக்கொண்டு இந்த வாதத்தை ஆரம்பிக்கவே முடியாது.

துயுக்குகளைத் தமிழுக்குக் கொண்டுவர விரும்பும் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று அறிகிறேன். புதுக்கவிதையில் பொருளைச் சொல்லி, அடிக்குறிப்பில் 'மூலத்தில் இச்சொல்லுக்கு இரு பொருள்' என்று எழுதி முடித்துவிட வேண்டாம். மடக்கிலேயே முயலலாம். அவர்களுடைய 'ஆத்' குதிரையும் பெயருமாக இருந்தால் நமக்கு 'மா' இருக்கிறது, குதிரைக்கும் மரத்துக்கும் பொதுவாக. பொருள் கொஞ்சம் நகரும். நான்கடியில் ஓரடியின் பொருள் நகர்ந்தாலும், பிரிக்குமிடம் தெரியாமல் வாசகன் ஒரு கணம் நின்று திரும்பப் படித்தானானால், நவாயி கேட்ட வேலை நடந்துவிடும்.